மகிழ்ச்சியில் கண் கலங்குவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துக்கத்தில் அழுபவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. நல்லது நடக்கும்போதோ, அழகான ஒன்றைப் பார்க்கும்போதோ கண் நிறைந்துவிட்டால் அழுதவரே திகைத்துப்போகிறார். "எனக்கு என்ன ஆயிற்று?" என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். அந்தத் திகைப்பிலிருந்து எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆய்வாளர்கள் கண்டதை அவர்கள் கண்டதாகவும் என் கருத்தை என் கருத்தாகவும் சொல்கிறேன்.

சந்தோஷமாக இருக்கும்போது எதற்காக அழுகை வர வேண்டும்?

அழுகையைத் துக்கத்தோடு மட்டும் முடிச்சுப் போட்டு வைத்திருப்பதால்தான் இது புதிராகத் தெரிகிறது. மனம் தாங்கும் அளவைத் தாண்டி ஓர் உணர்ச்சி பெருகும்போது, அது எந்த உணர்ச்சியானாலும், கண்ணீர் வரலாம். வயிறு வலிக்கச் சிரித்தவரும் கடைசியில் கண்ணைத்தான் துடைத்துக்கொள்கிறார்.

யேல் பல்கலைக்கழகத்தில் ஒரியானா அரகோன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கொழுகொழுவென்ற குழந்தையைப் பார்த்தால் சிலருக்குக் கன்னத்தைக் கிள்ளத் தோன்றும். "கடித்துத் தின்றுவிடுவேன்" என்று பல்லைக் கடிக்கத் தோன்றும். இப்படிப்பட்டவர்களே நல்ல செய்தி கேட்டும் அழுகிறார்கள் என்ற தொடர்பை அந்த ஆய்வு காட்டியது. உள்ளே இருப்பது ஓர் உணர்ச்சி, முகத்தில் தெரிவது அதற்கு நேர் எதிரானது. அப்படி எதிர்முகம் காட்டியவர்கள் உணர்ச்சியின் உச்சத்திலிருந்து சீக்கிரம் நிதானத்துக்கு இறங்கினார்கள் என்பதற்கும் அறிகுறிகள் கிடைத்தன.

இந்த விளக்கம் சரிதான், ஆனால் எனக்குப் போதவில்லை. பொங்குவதை அடக்குவது மட்டும்தான் வேலை என்றால் பெருமூச்சு விட்டாலும் போதுமே? எல்லாப் பெரிய மகிழ்ச்சியும் அழவைப்பதும் இல்லை. நமக்குப் பிடித்த அணி எளிதாக வென்றால் துள்ளிக் குதிக்கிறோம். தோற்றேவிட்டது என்று எழுந்து போகத் தொடங்கிய ஆட்டத்தை வென்றால் கண் கலங்குகிறது. இந்த வித்தியாசத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எதிர்பாராமல் வரும்போது மட்டும் ஏன் இப்படி உடைந்துபோகிறோம்?

சார்லஸ் டார்வின் 1872-இல் மனிதர்களும் விலங்குகளும் உணர்ச்சிகளை எப்படி வெளிக்காட்டுகிறார்கள் என்பதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நெடுங்காலம் பிரிந்திருந்த தந்தையும் மகனும் மறுபடி சந்திக்கையில் அழுவதை அதில் குறிப்பிடுகிறார். எதிர்பாராத சந்திப்பாக இருந்தால் இது இன்னும் கூடுதல் என்கிறார். அதற்கு அவர் தரும் காரணம் அருமையானது. சந்திக்காமலே போயிருந்தால் எவ்வளவு துயரப்பட்டிருப்போம் என்ற எண்ணம், தெளிவில்லாமல், அந்தக் கணத்தில் இருவர் மனத்திலும் ஓடியிருக்கும். அந்தத் துயரம்தான் கண்ணீரை வரவழைக்கிறது என்கிறார் அவர்.

1952-இல் ஜோசப் வைஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் வேறொரு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். திரைப்படத்தில் சோகம் அடுக்கடுக்காக வரும்போது கல்லாக உட்கார்ந்திருப்பவர், எல்லாம் சுபமாக முடியும் காட்சியில் தேம்பி அழுகிறாரே, ஏன் என்று அவர் கேட்டார். ஆபத்து நீடிக்கும்வரை மனம் துயரத்தை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. இனிப் பயமில்லை என்று தெரிந்த பிறகே பிடியைத் தளர்த்துகிறது என்பது அவர் கண்ட விடை. கூட்டத்தில் தொலைந்த குழந்தையைக் கவனித்திருப்பீர்கள். திருதிருவென விழித்துக்கொண்டு நிற்கும்; அழுகைகூட வராது. அம்மாவின் முகம் தெரிந்த நொடியில்தான் வீறிட்டு அழும். அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே இரவெல்லாம் உறுதியோடு காத்திருந்தவர், "நன்றாக இருக்கிறார், போய்ப் பாருங்கள்" என்று கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுவதும் இதுதான்.

இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் தன் பெயராலேயே அழைக்கப்பட்ட துகளைப் பற்றி அவர் 1964-இல் எழுதினார். அது கண்டுபிடிக்கப்பட்டதாக ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வகம் அறிவித்த நாள் 2012 ஜூலை 4. அரங்கில் உட்கார்ந்திருந்த ஹிக்ஸுக்கு அப்போது வயது 83. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் வாழ்நாளில் இது நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்றும் சொன்னார். 48 ஆண்டுகள்! அந்தக் கண்ணீரை வெறும் மகிழ்ச்சி என்று எப்படிச் சொல்வது?

என் எண்ணம் இதுதான். நாம் ஒவ்வொருவரும் சில ஆசைகளை "இனி நடக்காது" என்று ஓரமாக வைத்துவிட்டு வாழ்கிறோம். உலகம் இவ்வளவுதான், மனிதர்கள் இவ்வளவுதான், நமக்கு வாய்த்தது இவ்வளவுதான் என்று ஒரு கணக்குப் போட்டு, அதற்கேற்ப மனத்தைக் கெட்டிப்படுத்திக்கொள்கிறோம். அந்தக் கணக்கு தப்பு என்று ஏதோ ஒன்று திடீரென்று காட்டும்போது கெட்டித்த இடம் இளகுகிறது. முன்கூட்டியே தெரிந்த மகிழ்ச்சிக்கு நாம் முகத்தைத் தயாராக வைத்திருக்கிறோம். சொல்லாமல் கொள்ளாமல் வருவதன் முன்னால் நம்மிடம் எந்தத் தயாரிப்பும் இல்லை.

அப்படியானால் இது உள்ளே அடைத்து வைத்த துக்கம்தானா?

ஒரு பகுதி, பல நேரங்களில், ஆம். ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு "நீ உண்மையில் சந்தோஷமாக இல்லை" என்று ஒருவரிடம் சொல்வது பெரும் அநியாயம். கடந்துபோன வலி நினைவுக்கு வருவது, வந்த மகிழ்ச்சி எவ்வளவு பெரியது என்று தெரிந்ததால்தான். இரண்டையும் பிரித்து, எது உண்மை, எது பொய் என்று தரம் பார்க்க வேண்டியதில்லை.

அப்போது உடலுக்குள் என்ன நடக்கிறது?

கண்ணில் எந்நேரமும் ஈரம் காக்கும் நீர் ஒன்று சுரக்கிறது. தூசியோ வெங்காய நெடியோ பட்டால் வருவது இரண்டாம் வகை. உணர்ச்சியால் வருவது மூன்றாவது. இந்த மூன்றாவது வகை மனிதரிடம் மட்டுமே உண்டு என்பதே ஆய்வாளர்களிடையே பொதுவான கருத்து.

கண்குழியின் மேற்புறத்தில், வெளியோரமாக, கண்ணீர்ச் சுரப்பி இருக்கிறது. மூளையின் உணர்ச்சிப் பகுதிகளிலிருந்து கிளம்பும் ஆணை முகநரம்பு வழியாக அதற்குப் போய்ச் சேர்கிறது. ஓய்வையும் செரிமானத்தையும் கவனித்துக்கொள்ளும் துணைப்பரிவு நரம்பு மண்டலத்தின் வேலை அது. சுரந்த நீர் கண்ணின் உள்மூலையில் உள்ள சிறு துளைகள் வழியாக மூக்குக்குள் வடிகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தான். வடிகால் தாங்காத அளவுக்கு நீர் பெருகும்போதுதான் கன்னத்தில் வழிகிறது.

தொண்டையில் ஏதோ அடைத்தாற்போல இருக்கிறதே, அங்கே எதுவும் இல்லை. மூச்சை அதிகமாக இழுக்கக் குரல்வளைத் திறப்பு அகலமாக விரிந்து நிற்கிறது. விழுங்க வேண்டுமானால் அது மூடியாக வேண்டும். இரண்டு இழுவைகளுக்கும் நடுவில் தசைகள் படும் பாட்டைத்தான் அடைப்பாக உணர்கிறோம்.

உணர்ச்சிக் கண்ணீரில், வெங்காயம் வரவழைக்கும் கண்ணீரைவிடப் புரதம் அதிகம் என்று அமெரிக்க உயிர்வேதியியலாளர் வில்லியம் ஃப்ரே 1980-களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். "அழுதால் உடலின் நச்செல்லாம் வெளியேறிவிடும்" என்ற பரவலான பேச்சு இதிலிருந்து கிளைத்தது. அந்த அளவுக்குச் சொல்ல ஆதாரம் இல்லை.

யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. வானத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். அதற்கு ஏன்?

ஆலன் ஷெப்பர்டுக்கும் இதே கேள்வி வந்திருக்கும். அவர் போர் விமானங்களைச் சோதித்துப் பார்த்த விமானி. 1961-இல் விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கர். எளிதில் கலங்கும் ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1971 பிப்ரவரியில், அப்பல்லோ 14 பயணத்தின்போது நிலவில் நின்று தலையை உயர்த்திப் பூமியைப் பார்த்தார், அழுதார். புறப்படும் முன் யாராவது "பூமியைப் பார்த்து உருகிவிடுவீர்களா?" என்று கேட்டிருந்தால் நிச்சயமாக இல்லை என்றே சொல்லியிருப்பேன் என்று பின்னாளில் கூறினார்.

உளவியலாளர்கள் டேச்சர் கெல்ட்னரும் ஜோனதன் ஹைட்டும் 2003-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் பெருவியப்புக்கு இரண்டு அம்சங்கள் தேவை என்றார்கள். ஒன்று, எதிரே இருப்பது நம்மைவிட மிகப் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டு, நாம் இதுவரை புரிந்துவைத்திருந்த உலகத்துக்குள் அது அடங்காமல், அந்தப் புரிதலையே விரிக்கும்படி வற்புறுத்த வேண்டும். பெரிது என்றால் அளவில்தான் என்பதில்லை. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்த கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸ், தன் நிரூபணத்தில் விடுபட்டிருந்த இழை 1994-இல் கைக்கு வந்த தருணத்தைத் தொலைக்காட்சி கேமராவின் முன் நினைவுகூரும்போது குரல் உடைந்து பேச முடியாமல் போனார். அது அவ்வளவு அழகாக, அவ்வளவு எளிமையாக இருந்தது என்று சொல்ல வந்த இடத்தில்தான் அந்தத் தடுமாற்றம். தாளில் எழுதும் ஒரு கணக்குக்கு நிலவிலிருந்து தெரியும் பூமியின் ஆற்றல் இருக்கிறது என்பது எனக்குத் தீராத ஆச்சரியம்.

அழகின் கண்ணீரிலும் கலப்பு உண்டு. நடிகர் வில்லியம் ஷாட்னர் 2021 அக்டோபரில், 90 வயதில், சில நிமிட விண்வெளிப் பயணம் போய் இறங்கியதும் அழுதார். பார்த்தவர்கள் பரவசம் என்றார்கள். அவர் பிறகு யோசித்துவிட்டு அது பூமியை எண்ணிய துக்கம் என்று எழுதினார். அவ்வளவு கருமைக்கு நடுவில் இவ்வளவு சிறிய உயிர்ப்பு என்பதைக் கண்டதால் வந்த துக்கம்.

அழகு தாங்காமல் மயங்கி விழுபவர்களும் உண்டாமே?

உண்டு, அரிதாக. பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெந்தால் 1817-இல் ஃப்ளாரன்ஸ் நகரின் சாந்தா குரோச்சே தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது நெஞ்சு படபடத்து, விழுந்துவிடுவோமோ என்று அஞ்சி நடந்ததை எழுதியிருக்கிறார். அதே நகரில் மருத்துவராக இருந்த கிராட்சியெல்லா மகெரினி இப்படி நிலைகுலைந்து வந்த பயணிகளைக் கவனித்து, 1979-இல் அதற்கு ஸ்டெந்தாலின் பெயரையே சூட்டினார். இதை ஒரு தனி நோயாக மருத்துவக் கையேடுகள் ஏற்கவில்லை. பயணக் களைப்பும் தூக்கமின்மையும் இதில் பங்கு வகித்திருக்கும் என்றே நானும் நினைக்கிறேன்.

பாட்டில் ஒரே இடம் வரும்போதெல்லாம் அழுகை வருகிறது. தெரிந்த பாட்டுதானே, அதில் என்ன எதிர்பாராதது?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. இசை உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா 1991-இல் 83 பேரிடம், எந்த இசை, அதில் எந்த இடம், உடலில் என்ன செய்தது என்று கேட்டு ஆராய்ந்தார். கண்ணீர் வந்த இடங்களில் ஓர் அமைப்பு திரும்பத் திரும்பத் தென்பட்டது. இசைவான சுரம் வர வேண்டிய இடத்தில் சற்று உரசும் சுரம் முதலில் விழுகிறது. காது ஒரு கணம் தவிக்கிறது. பிறகு அது எதிர்பார்த்த சுரத்தில் போய் இறங்குகிறது. புல்லரிப்பு வந்த இடங்களிலோ, முன்னறிவிப்பு இல்லாமல் சுர இணைவு மாறியிருந்தது.

காதுக்குள் நடக்கும் இந்தத் தவிப்பும் இறக்கமும் மனப்பாடமான பாட்டிலும் ஒவ்வொரு முறையும் நடக்கின்றன. அறிவுக்குத் தெரிந்திருப்பதால் காது தவிக்காமல் இருந்துவிடுவதில்லை. மேலே சொன்ன பிரிவும் சந்திப்பும் இங்கே சில வினாடிகளில் நடந்து முடிகின்றன.

புல்லரிப்பும் கண்ணீரும் ஒன்றல்ல. ஜப்பானிய ஆய்வாளர்கள் மோரியும் இவனாகாவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புல்லரிக்கும்போது உடல் கிளர்ச்சி அடைகிறது. இசையால் கண்ணீர் வரும்போது மூச்சு மெதுவாகி உடல் அமைதி நோக்கிப் போகிறது. கேட்டு முடித்ததும் மனம் லேசானது போலத் தோன்றுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

முன்பின் தெரியாத ஒருவர் இன்னொருவருக்குச் செய்த உதவியைப் பார்த்து அழுகிறேன். எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருப்பதால்தான் அழுகிறீர்கள். ஆலன் ஃபிஸ்க் என்ற மானிடவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் இந்த நெகிழ்ச்சிக்கு "காம மூத" என்று, அன்பால் நெகிழ்தல் என்ற பொருளில், சமஸ்கிருதத்திலிருந்து ஒரு பெயர் எடுத்து வைத்தார்கள். 19 நாடுகளில், 15 மொழிகளில் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், எங்கும் ஒரே மாதிரியான குறிகள் தென்பட்டன: கண்ணில் ஈரம், நெஞ்சில் இளஞ்சூடு, தொண்டையில் அடைப்பு, தோலில் சிலிர்ப்பு. அன்போ நெருக்கமோ திடீரென்று கூடும்போது இது எழுகிறது என்பது அவர்கள் முடிவு. அந்த நெருக்கம் நமக்கே நடக்க வேண்டியதில்லை. இருவருக்கிடையே நடப்பதைப் பார்த்தாலே போதும். ஓட்டப் பந்தயத்தில் கீழே விழுந்தவருக்காகப் போட்டியாளர் நின்று கை கொடுக்கிறார். நமக்கு இருவர் பெயரும் தெரியாது. ஆனாலும் மனிதர்கள் இப்படியும் இருப்பார்கள் என்று நாம் ஒரு காலத்தில் நம்பியது உண்மைதான் என்று ஆகிவிடுகிறது.

பழைய நூல்கள் இதைப் பற்றி ஏதாவது சொல்கின்றனவா?

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகையையும் உவகையையும் தனித்தனி மெய்ப்பாடுகளாக, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளாக, வைக்கிறது. அழுகை பிறக்கும் இடங்களாக அது சொல்பவை இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (நிலை தாழ்தல்), வறுமை ஆகிய நான்கு. மகிழ்ச்சி அவற்றுள் இல்லை. நாட்டிய சாத்திரமோ கண்ணீரின் காரணங்களை அடுக்கும்போது ஆனந்தத்தை முதலில் வைக்கிறது. பின்வந்த தமிழ்ப் பக்திப் பாடல்களில் உருகிக் கண்ணீர் மல்குவதே இன்பத்தின் உச்சமாக ஆகிவிட்டது.

வயது ஏற ஏற இது அதிகமாகிறதே?

பலருக்கும் அப்படித்தான். அழுகையை நெடுங்காலம் ஆராய்ந்த நெதர்லாந்து உளவியலாளர் ஆட் ஃபிங்கர்ஹூட்ஸ், உடல் வலிக்காக அழுவது வளர வளரக் குறைவதையும், பிறர் நிலை கண்டும் நெகிழ்ச்சியாலும் அழுவது கூடுவதையும் எடுத்துக்காட்டியிருக்கிறார். இது தளர்ச்சி என்று நான் நினைக்கவில்லை. இருபது வயதில் ஒரு மறுசந்திப்பைப் பார்ப்பவருக்கு அது ஒரு காட்சி. அறுபதில் பார்ப்பவருக்குத் தான் வழியனுப்பிய முகங்களெல்லாம் உடன் வருகின்றன. எவ்வளவு எளிதாக எல்லாம் நழுவிப்போகும் என்று தெரிந்தவருக்குத்தான் நழுவாமல் நின்றதன் மதிப்புத் தெரியும்.

எனக்கு இப்படி வருவதே இல்லை. மனம் மரத்துவிட்டதா?

இல்லை. சிலருக்குக் குரல் மாறும், சிலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள், சிலர் எழுந்து நடப்பார்கள். கண்ணீரின் அளவைக் கொண்டு உள்ளத்தை அளக்க முடியாது. முன்பு வந்துகொண்டிருந்தது நின்றுபோய், எதிலுமே பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் மட்டும் அதைக் கவனியுங்கள். மனச்சோர்வின் அடையாளமாக இருக்கலாம்.

பலர் முன்னால் பேசும்போது வந்துவிட்டால்?

நிறுத்துங்கள். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். ஒரு வாய் தண்ணீர் குடித்தால் தொண்டை இறுக்கம் சற்றுத் தளரும். "ஒரு நிமிடம்" என்று சொன்னால் எந்த அவையும் காத்திருக்கும். மன்னிப்புக் கேட்காதீர்கள், கேட்கும் அளவுக்கு எதுவும் நடந்துவிடவில்லை.

முன்கூட்டியே தெரிந்த நிகழ்ச்சியானால், உங்களைக் கலங்கவைக்கும் வரி எது என்று உங்களுக்கே தெரியும். அந்த வரியை மட்டும் தனியாக, வாய்விட்டு, பல முறை சொல்லிப் பாருங்கள். மனத்துக்குள் படிப்பது போதாது. சொந்தக் குரலில் கேட்கும்போதுதான் அது தாக்குகிறது. அந்தத் தாக்குதல் வீட்டிலேயே பழகிவிட்டால் மேடையில் பாதி வலு குறைந்துவிடும்.

பக்கத்தில் ஒருவர் இப்படி அழுதால் என்ன செய்வது?

"ஏன் அழுகிறாய்?" என்று கேட்காதீர்கள். அவருக்கே தெரியாது. "நல்ல நாளும் அதுவுமாக அழலாமா?" என்று அதட்டவும் வேண்டாம். பக்கத்தில் இருங்கள், போதும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: கைபேசியை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். அழவைப்பதற்கென்றே திட்டமிட்டு, கேமராவை மறைத்து வைத்து, அந்த முகத்தை ஊரெல்லாம் காட்டும் வழக்கம் பரவிவருகிறது. தயாரிப்பே இல்லாத முகம் அது. அதைப் பார்க்கும் உரிமை அங்கே உடன் இருந்தவர்களுக்கு மட்டும்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

உணர்ச்சிக்கும் அழுகைக்கும் பொருத்தமே இல்லாதபோது. மனம் கலங்காமலே, சின்னத் தூண்டுதலுக்கும் அடக்க முடியாத அழுகையோ சிரிப்போ பீறிட்டு வந்து திடீரென்று நின்றால் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பக்கவாதம், தலைக்காயம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் போன்றவற்றுக்குப் பிறகு இது வருவதுண்டு, மருந்தும் இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் முதல் சில நாட்களில் எதற்கெடுத்தாலும் கண் கலங்குவது சாதாரணம். இரண்டு வாரங்களைத் தாண்டி, துயரமாகவே நீடித்தால் தள்ளிப்போடாமல் உதவி தேட வேண்டும்.

இத்தகைய கணங்களை நாமே வரவழைத்துக்கொள்ள முடியுமா?

குறிப்பிட்ட கணத்தை வரவழைக்க முடியாது. அழ வேண்டும் என்று உட்கார்ந்தால் அழுகை வராது. வருவதற்கு இடம்விட்டு வைக்கலாம். வர்ஜீனியா ஸ்டர்ம் என்ற நரம்பியல் ஆய்வாளரும் குழுவினரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், முதியவர்களை எட்டு வாரங்கள், வாரம் ஒரு முறை, 15 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும், புதிய இடத்துக்குப் போய் எல்லாவற்றையும் முதல்முறை பார்ப்பதுபோலப் பாருங்கள் என்ற குறிப்பும் தரப்பட்டது. அந்தப் பிரிவினர் மற்றவர்களைவிட அதிக வியப்பை உணர்ந்ததாகச் சொன்னார்கள். நடையின்போது தங்களைத் தாங்களே எடுத்த படங்களில் வாரம் செல்லச் செல்ல அவர்கள் சிரிப்பு விரிந்தது. சட்டகத்துக்குள் அவர்கள் உருவம் சிறியதாகி, சுற்றியிருந்த காட்சிக்கு இடம் கூடியது.

செய்துபார்க்க விரும்பினால் தனியாகப் போங்கள், காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல். வழக்கமான பாதையை ஒரு நாள் மாற்றுங்கள். முழுதாகக் கேட்டு நாளான ஒரு பாட்டை, வேறு வேலை எதுவும் செய்யாமல், தொடக்கத்திலிருந்து கடைசிவரை கேளுங்கள். எதுவும் நடக்காமல் போகும் நாட்களே அதிகம் இருக்கும். அதற்காக நேரத்தைக் கூட்ட வேண்டியதில்லை, 15 நிமிடமே போதும்.